ஹேங்கருக்கு ஒரு சந்தேகத் தாத்தா

நம் ஊரில் வீடு வாங்கப் போனால், கூடவே வந்து சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஒரு மாமா இருப்பார். அமெரிக்காவில் சின்ன விமானம் வாங்கப் போனால் அந்த வேலைக்கு ஒரு தாத்தா. எந்தச் சிற்றூர் விமானத் திடலுக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் மடக்கு நாற்காலி, கையில் ஆறிப்போன காபி, சட்டைப் பையில் ஒரு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் காம்பு வைத்த ஒரு கண்ணாடி. ரிட்டயரான மெக்கானிக். பெயர் எதுவாகவும் இருக்கலாம்; தொழில் சந்தேகப்படுவது.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை 'புத்தம் புதிது போல'. நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 இன்று புதிதாக வாங்கினால் நான்கு லட்சம் டாலரைத் தாண்டும். அதில் பாதிக்கு 'புதிது போல' ஒன்று கிடைக்கிறது என்று எந்த இளைஞனாவது கண் பளபளக்க வந்து நின்றால், தாத்தா காபியைக் கீழே வைப்பார். "அவன் கேட்பதில் பாதிதான் விமானத்துக்கு. மீதியை அந்தப் 'போல'வுக்குக் கேட்கிறான், தம்பி."

"இல்லைங்க, 1992 மாடல்."

தாத்தா சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும். வழக்குகளுக்கு நஷ்டஈடு கட்டி மாளாமல் செஸ்னா கம்பெனி 1986ல் இந்தச் சின்ன விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. 18 வருடத்துக்கு மேல் பழசான சின்ன விமானத்துக்காகச் செய்தவன் மேல் வழக்குப் போட முடியாது என்று 1994ல் சட்டம் வந்த பிறகுதான், 1996ல் கான்சாஸில் மறுபடி தொடங்கினார்கள். "பட்டறையைப் பூட்டியிருந்த காலத்தில் பிறந்த குழந்தையா இது? ஜாதகம் காட்டச் சொல்!"

ஜாதகம் என்றால் லாக் புக். எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எதைக் கழற்றினார்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'இன்ஜின் பூஜ்ய மணி நேரம்' என்று விளம்பரத்தில் இருந்தால் தாத்தாவின் புருவம் தொப்பிக்குள் போய்விடும். பழைய கணக்கை மூடிப் பூஜ்யத்திலிருந்து புதுப் புத்தகம் போட, இன்ஜினைச் செய்த கம்பெனிக்கும் அது அனுமதித்த பட்டறைக்கும்தான் உரிமை. மற்றவர்கள் எவ்வளவு நன்றாகப் பிரித்துப் பூட்டினாலும் பழைய மணிக்கணக்கு கூடவே வரும். விமானத்தின் உடம்புக்கோ பூஜ்யம் என்பதே கிடையாது.

"அதிகம் ஓட்டாத வண்டி என்கிறார்களே?" என்று இளைஞன் இழுப்பான். தாத்தா உடனே லாஸ் வேகஸ் கதைக்குப் போவார். 1958 டிசம்பரில் இரண்டு பேர் ஒரு செஸ்னா 172ல் ஏறி, 64 நாள் தரையிறங்காமல் பறந்தார்கள். கீழே ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோலை மேலே இழுத்துக்கொண்டார்கள். "அந்த விமானத்துக்கும் ஒரு கோட் பெயின்ட் அடித்தால், 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியது' என்று விற்றுவிடுவான்."

பிறகு எழுந்து நேரில் பார்க்கப் போவார். பளபளக்கும் பெயின்ட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். இறக்கைக்கு அடியில் குனிந்து டார்ச் அடிப்பார். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டைச் சுற்றி ஊதுவத்திப் புகை படிந்தது போல் கறுப்புக் கோடு இருந்தால், ரிவெட் ஆட்டம் கண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்தால் புதுத் தோல் இருக்கை மணக்கும். அவர் அதற்கு அடியில் கையை விட்டு, இருக்கை நகரும் தண்டவாளத்தின் துளைகளைத் தடவுவார். துளை தேய்ந்து அகன்றிருந்தால், விமானம் ஏறும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கி ஓடலாம். பைலட்டுக்குக் கை எட்டாது. கடைசியாகக் கால் பெடல். "இருக்கைக்குப் புதுத் தோல் போட்டவன் இதை மறந்துவிட்டான் பார். எத்தனை காலம் மிதித்திருந்தால் பெடல் இப்படி வழவழவென்று தேயும்?"

விற்பவர் முகம் சுண்டி, "தாத்தா, மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல் பார்க்கிறீர்களே" என்பார்.

"தானமாகக் கொடு, பார்க்கவில்லை."

தாத்தாவிடம் குறை இல்லாமல் இல்லை. பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த மைக்ரோவேவ் அடுப்பையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கேக் வெட்டினார். நல்ல விமானங்கள் இரண்டு மூன்றையும் அவர் பேச்சைக் கேட்டு இளைஞர்கள் கைநழுவ விட்டதாகக் கேள்வி.

அவரிடம் சொந்தமாக ஒரு விமானம் உண்டு. 1966ல் செய்த 172. பெயின்ட் உரிந்து, இருக்கை கிழிந்து, வயதை ஒளிக்காமல் நிற்கிறது. லாக் புக் மட்டும் முதல் பக்கத்திலிருந்து முழுசாக இருக்கிறது. வாரா வாரம் பறக்கிறார். பழசு என்பதற்காக எந்த விமானத்தையும் அவர் வேண்டாம் என்றதில்லை.

நாமெல்லாம் விமானம் வாங்கப் போவதில்லை. ஆனால் நாளைக்கே ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகலாம். போனால் மீட்டரில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், குனிந்து பிரேக் பெடலைப் பாருங்கள்.