டோக்கியோவை மட்டும் விட்டுப்போட்டுப் போங்க, மாப்பிளே!

ஏனுங்க மாப்பிளே, குடும்பத்தோட ஜப்பானுக்குக் கெளம்பறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. சந்தோசமுங்க. ஷிப்மென்ட் போயிருச்சு, பையரும் பணத்தைப் போட்டுட்டான், மிச்சத்தை எங்காச்சும் கரைக்கோணுமில்லீங்களா! 2024ல மட்டும் நம்ம நாட்டு ஆளுக ரெண்டேகால் லட்சத்துக்கு மேல அங்க போயிருக்காங்க. அதுல நம்ம திருப்பூர்க் காங்கயம் ரோட்டு ஆளுக யாரு யாருன்னு பேக்கரியில ஒரு டீ குடிக்கிற நேரம் உக்காந்தாப் போதும், தெரிஞ்சுபோகும்.

ஆனா உங்க திட்டத்தைக் கேட்டனுங்க. டோக்கியோ, டோக்கியோ, மறுக்கா டோக்கியோ. அங்க போயி என்ன பண்ணுவீங்கன்னு நானே சொல்லிப்போடறேன். கின்சாவுல பெரிய கடைக்குள்ள பூந்து, ஒரு டீ-சர்ட்டைத் தடவிப்பாத்து, "என்னா ஃபினிஷிங்டா சாமி!"ன்னு வாயைப் பொளப்பீங்க. சொன்ன விலையைக் குடுத்து வாங்கீட்டு ரூமுக்கு வந்து லேபிளைத் திருப்புனா 'மேட் இன் இந்தியா'ன்னு இருக்கும். நம்ம சந்துல தச்சதைப் பிளேன் ஏறிப்போயி வாங்கீட்டு வர்ற சாமர்த்தியம் வேற யாருக்குங்க வரும்?

கெளம்பறதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணுங்க. ஏசி ரூமை விட்டு எறங்கி, கம்பெனி மிஷின் மேல இருக்கற பேரையெல்லாம் ஒருக்காப் படிச்சுப் பாருங்க. ஜுகி ஒண்ணுதான் டோக்கியோக்காரன். பெகாசஸ், யமாட்டோ ரெண்டும் ஒசாகா. பிரதர் நகோயா. நிட்டிங்ல ஓடற ஃபுகுஹாரா கோபே. காலர் ஓட்டற ஷிமா செய்கி வாகயாமா. இத்தனை வருசமா உங்களுக்குச் சோறு போட்டதே வெளியூர்க்காரனுங்கதானுங்க. அவுங்க ஊரை எட்டிப்பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?

கோயமுத்தூர்ல ஏறி, சிங்கப்பூர்ல மாறி, ஒசாகாப் பக்கம் கான்சாய் ஏர்போர்ட்ல எறங்குங்க. கடலைத் தூர்த்துக் கட்டுன ஏர்போர்ட்டுங்க அது. அதை ஒட்டி இருக்கற இசுமிசானோதான் 1887ல ஜப்பான்லயே மொதல்ல துண்டு நெய்ய ஆரம்பிச்ச ஊரு. ரயில் பாஸ் வாங்கறதுக்கு ஓடாதீங்க. நாடு பூராவும் சுத்தற ஏழு நாள் பாஸை 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து ஒரே தாவா 50,000 ஆக்கீட்டானுங்க. டோக்கியோ போகாதவனுக்கு அது தண்டம். அந்தந்தப் பக்கத்துக்குன்னு சின்ன பாஸ் விக்கறாங்க, அதுவே போதும்.

அங்கிருந்து தெக்கால வாகயாமா. வட்ட நிட்டிங் துணிக்கு அந்த நாட்டுலயே பேர்போன ஊரு, நமக்குப் பங்காளி முறைன்னு வெச்சுக்குங்களேன். 1962ல கையுறை பின்ற மிஷின்ல ஆரம்பிச்ச ஷிமா செய்கி, 1995ல தையலே இல்லாம முழு ஸ்வெட்டரையும் பின்னிப்போடற மிஷினைக் கொண்டாந்துச்சு. சனிக்கெழமை சம்பளம் வாங்கீட்டுத் திங்கக்கெழமை வராத டைலரை நெனச்சுத் தலையில கை வெக்கற ஆளு நீங்க. பாத்தா அங்கயே விழுந்து கும்பிட்டாலும் கும்பிடுவீங்க.

அவசரப்படாதீங்க, அதே ஊருல இன்னொரு கூத்தும் இருக்குது. மோட்டுவளையில இருந்து தொங்கற பழைய வட்ட மிஷினை இன்னும் ஓட்டறாங்க. மணிக்கு ஒரு மீட்டர் துணிதான் எறங்கும். நூலை இழுத்து விறைக்காம மெதுவாப் பின்றதால துணி பஞ்சாட்டம் இருக்கும், வருசக்கணக்குல உழைக்கும். அதுல தச்ச சட்டைக்கு யானை விலை. நம்ம நிட்டிங்ல மணிக்கு ஒரு மீட்டர் எறங்குச்சுன்னா ஃபிட்டருக்கு அன்னைக்கே கணக்கு முடிச்சுப்போடுவீங்க. அவன் அதையே காட்டி ரெண்டு மடங்கு வாங்கறான்.

வாகயாமாவுலயே மலை மேல கோயாசான். 816ல கூக்காய்ங்கற சாமியார் நிறுவுன மடங்க. கோயில்லயே தங்கலாம். கறி, மீன், வெங்காயம், பூண்டு எதுவுமில்லாத சாப்பாடு. மத்த எடத்துல சைவம்னு நெனச்சு மாமியாரு குடிக்கற சூப்புல கருவாட்டுச் சாறு இருக்கும். அதை அவங்ககிட்டச் சொல்லி நிம்மதியைக் கெடுத்துப்போடாதீங்க. அங்க இருக்கற ஒக்குனோயின் இடுகாட்டுல கம்பெனிக்காரங்க செத்துப்போன தொழிலாளிக்குக் கல் நட்டிருக்காங்க. கரையான் மருந்தடிக்கற சங்கத்துக்காரங்க, தாங்க கொன்ன கரையானுக்கே கல் நட்டு, நிம்மதியாத் தூங்குங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. சிரிச்சுப்போடாதீங்க. நொய்யல் ஆத்துல செத்து மெதந்த மீனுக்கு நாம எந்தக் கல்லை நட்டோம்? 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறை அத்தனைக்கும் பூட்டுப் போட்டப்புறந்தானே நமக்கே புத்தி வந்துச்சு!

அப்பறம் மேக்கால ஒகயாமாப் பக்கம் கோஜிமா. 1960கள்ல ஜப்பான் ஜீன்ஸ் பொறந்த எடம். ஒரு தெருவுக்கே ஜீன்ஸ் தெருன்னு பேரு, தலைக்கு மேல கொடி கட்டி ஜீன்ஸாத் தொங்க உட்டிருப்பாங்க. நம்ம காதர்பேட்டையிலயும் துணி தொங்குது. ஆனா அங்க படம் புடிக்கக் காசு செலவு பண்ணி வர்றாங்க, இங்க செகண்ட்ஸ் வாங்கப் பேரம் பேசி வர்றாங்க.

அங்கிருந்து ஒனோமிச்சி போயி சைக்கிள் வாடகைக்கு எடுங்க. கடலுக்கு மேல தீவு தீவாப் பாலம் போட்டு, 1999ல முழுசாச் சேர்த்தது, எழுபது கிலோமீட்டர் சொச்சம். பேக்கரிக்குப் போகவே கார் எடுக்கற உங்களுக்காகவே கரண்ட் சைக்கிளும் வெச்சிருக்காங்க. முடியலீன்னா, சாதா சைக்கிளை நடுவுல ஒரு தீவுல உட்டுட்டு பஸ் ஏறிக்கலாம்.

அந்தப் பாலம் எறங்கற எடந்தானுங்க இமபாரி. நான் சொல்ல வந்ததே இதுக்குத்தான். 1894ல இருந்து துண்டு நெய்யற ஊரு. நம்மளாட்டமே அடுத்தவன் பிராண்டுக்கு நெய்து குடுத்துட்டிருந்தாங்க. 1991க்கு அப்பறம் சீனத்துத் துண்டு வந்து எறங்குனதுல, இருவது வருசத்துக்குள்ள உற்பத்தி அஞ்சுல ஒரு பங்காச் சுருங்கிப்போச்சு. நாமளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? பீஸுக்கு அம்பது பைசாக் கொறச்சு, பக்கத்துக் கம்பெனி ஆர்டரை அடிச்சிருப்போம். அவுங்க 2006ல ஒண்ணாக் கூடி, சாதோ காஷிவான்னு பேரெடுத்த டிசைனரைப் புடிச்சு, ஊர்ப் பேரையே முத்திரையாக்கீட்டாங்க. அந்த முத்திரை சும்மா கெடைக்காது. ஒரு சென்டிமீட்டர் துண்டுத் துணியை வெட்டித் தண்ணியில போடோணும். அஞ்சு செகண்டுக்குள்ள மூழ்கோணும். மூழ்கலீன்னா முத்திரை கெடையாது, மச்சான் கம்பெனியா இருந்தாலும் கெடையாது.

நம்ம சரக்கு உலகம் பூராவும் முதுகுல ஒட்டீட்டுத் திரியுது. 'திருப்பூர்'னு எந்தப் பனியன்லயாச்சும் பையர் போட உட்டிருக்கானா? நாமதான் கேட்டிருக்கமா? இமபாரித் துண்டை நாலு வாங்குனா, அந்த முத்திரையை ஒரு அரைமணி நேரம் பாருங்க. அசோசியேசன் கூட்டத்துல பேசறதுக்கு ஒரு விசயமாச்சும் ஆகும்.

கடைசியா மாட்சுயாமாவுல தோகோ வெந்நீர்க் குளியல். அந்தக் கட்டடமும் 1894தான். மொதல்ல சின்ன முக்காலியில உக்காந்து நல்லாத் தேச்சுக் குளிச்சப்பறந்தான் தொட்டியில எறங்கோணும். கோவணங்கூடக் கெடையாதுங்க. பையர் முன்னாடி ரேட்டு பேசறப்ப நிக்கற நெலைமைதான், உங்களுக்குப் பழக்கமானதுதான், கூச்சப்படாதீங்க.

திரும்பி வந்தா ஒரம்பரையெல்லாம் புஜி மலை போட்டோ எங்கடான்னு கேப்பாங்க. மேகம் மூடிருச்சுன்னு சொல்லிப்போடுங்க. நேர்ல போயி நின்னவங்களே நெறையப் பேரு அதைத்தானுங்க சொல்றாங்க.