கயிறு அண்ணன்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் உங்கள் ஜீப் படுத்துக்கொண்டால், மெக்கானிக்குக்கு போன் போடுவதற்குள் அண்ணன் வந்துவிடுவார். பானெட்டைத் திறக்கச் சொல்லமாட்டார், என்ன கோளாறு என்று விசாரிக்கமாட்டார். நேராக ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து கயிற்றை எடுப்பார்.

பச்சை நைலான் கயிறு. ஷாமியானா கட்டியது, சிந்தெடிக் டேங்கை மாடிக்கு ஏற்றியது, டிசம்பரில் தெருவுக்குக் குறுக்கே ஸ்டார் தொங்கவிட்டது, நந்தன் கிரவுண்டில் ஃபுட்பால் மேட்ச் அன்று கூட்டத்தை மறித்தது, எல்லாம் இதே கயிறுதான். நடுவில் ஒரு முடிச்சு. எப்போதோ அறுந்ததற்கு ஒட்டு. "மில்ட்ரி கயிறு தம்பி, ஏ.எஸ்.சி. சென்டர்ல இருந்து வந்தது" என்பார். நுனியில் சிவாஜி நகர் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் முழுசாக உரியவில்லை.

இழுப்பதற்கென்றே கம்பெனிக்காரன் சேஸிஸோடு சேர்த்து ஒரு கொக்கி வைத்திருக்கிறான். சில வண்டிகளில் டூல் கிட்டுக்குள் திருகி மாட்டும் வளையம் கிடக்கும். அதைத் தேட வேண்டுமென்றால் குனிய வேண்டும். அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆகவே நின்றபடி கைக்கு எட்டுவது எதுவோ அதில் சுற்றுவார். பெரும்பாலும் பம்பர். அபூர்வமாகக் குனிந்த அன்று ஸ்டீயரிங் ராடு. "நான் போட்ட முடிச்சு இதுவரைக்கும் அவுந்ததே இல்ல" என்பது அவர் பெருமை. பொய் இல்லை. பம்பர்தான் கழன்று வந்திருக்கிறது, முடிச்சோடு.

"அண்ணா, இது ஃபோர் வீல் டிரைவ். ஃபிளாட்பெட்டுக்குச் சொல்லிட்டேன்."

"ஃபிளாட்பெட்டா? இன்னா தம்பி, வண்டிய ஊர்வலமா தூக்கினு போப்போறியா? முன்னாடி ரெண்டு வீலத் தூக்குனா பின்னாடி ரெண்டும் தானா வரும்!"

தானாக வராது. நாலு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போகும் வண்டியில் இரண்டை நிறுத்தி இரண்டை உருட்டினால், நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் தனியாக மாட்டிக்கொண்டு சூடாகும். கொஞ்ச தூரத்திலேயே வெந்துபோகலாம். லீவர் போட்டு மாற்றும் பழைய மாதிரி வண்டி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கியரையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நாலு சக்கரமும் தரையில் உருள, மெதுவாக இழுக்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இல்லாத ஆட்டோமேட்டிக் என்றால் அதுவும் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடும். இதையெல்லாம் சொன்னால் அண்ணன் பொறுமையாகக் கேட்பார். கேட்டுக்கொண்டே முடிச்சை இறுக்குவார்.

2022 பிப்ரவரியில், நோ பார்க்கிங் வண்டிகளைத் தூக்கிப்போகும் வேலையை அரசு நிறுத்திவைத்தபோது பெங்களூரே நிம்மதியாக மூச்சுவிட்டது. அண்ணன் மட்டும் "இனிமே எல்லாம் நம்ம தலையிலதான்" என்றார்.

புறப்படும்போது "சாவிய எங்கிட்ட குடு, தொலஞ்சிடப் போவுது" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். முதல் திருப்பத்தில் ஸ்டீயரிங் லாக் ஆகி, விவேக்நகர் போக வேண்டிய ஜீப் இளநீர்க்காரரை நோக்கிப் போகும். பிரேக்கை மிதித்தால், இன்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு அது கல். "பர்லி, பர்லி, பர்லி..." என்று, வரட்டும் வரட்டும் என, கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "சாக்கு!", அதாவது போதும், என்பது இடித்த பிறகுதான் வரும்.

சிரித்தாயிற்று. ஆனால் அந்தக் கயிறு விறைத்து நிற்கும்போது பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திக் கைதட்டச் சொல்கிறாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இழுவையில் அறுந்த கயிறு, நுனியில் இரும்புக் கொக்கியோடு திரும்பி வந்தால் மண்டை தங்காது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் கூடாது, கயிறு பளிச்சென்று கண்ணில் பட வேண்டும், பின்வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்று 2017 வரை அமலில் இருந்த 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தது. இவரோ ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டாமல் நீளக் கயிற்றை விடுவார். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில், இடைவெளி கிடைத்ததென்று ஒரு பைக்காரர் அதற்குள் நுழைவார். யாராவது கழுத்தறுபட்ட பிறகு முடிச்சு அவிழவில்லை என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

இத்தனையும் நேரில் சொல்ல வாய் வருவதில்லை. ராத்திரி பதினொரு மணி மழையில், சொந்தக்காரன் போனை எடுக்காத நேரத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு வருகிற ஆள் அவர் ஒருத்தர்தான். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார், டீ குடிப்பார்.

கடைசியில் ஃபிளாட்பெட் வரும். அதன் பையன் ரோட்டில் மல்லாந்து படுத்து, அடியில் கொக்கியைத் தேடிப் பிடித்து, வின்ச் போட்டு ஜீப்பை மேலே ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டு இறுக்குவான். அண்ணன் ஒவ்வொரு பெல்ட்டாக ஆட்டிப் பார்ப்பார். "லூஸா இருக்கு குரு" என்று சொல்லி, பம்பர்மேல் தன் பச்சைக் கயிற்றையும் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். பையன் ஒன்றும் சொல்லாமல் விலகி நிற்பான்.

"தம்பி, வண்டி ரெடியானதும் கயித்த மறக்காம கொண்டாந்து குடுத்துடு. கிறிஸ்மஸ் வருது."