85 டிகிரி: வெப்பமா, வெற்று எண்ணா?

கேள்வி: ராஸ்பெர்ரி பை கணினியில் டிஎஸ்18பி20 உணரியை இணைத்து வீட்டு வெப்பத்தை அளக்கிறேன். அவ்வப்போது 85 டிகிரி காட்டுகிறது. தகரக் கூரைதான் காரணமா?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: கூரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் எண்ணை விசாரியுங்கள். மும்பை சாந்தாகுரூஸில் 1952 ஏப்ரல் 14 அன்று பதிவான உச்ச வெப்பமே 42.2 டிகிரிதான். அதைப்போல் இரு மடங்குச் சூட்டில் உட்கார்ந்து யாரும் கேள்வி எழுத முடியாது! 85 என்பது, மின்சாரம் கிடைத்ததும் அந்த உணரியின் நினைவகத்தில் தானாக வந்து நிற்கும் தொடக்க எண். 12 பிட் நுணுக்கத்தில் அளந்து முடிக்க அதற்கு 750 மில்லிவினாடி வரை தேவை. அதற்குள் மின்சாரம் தடுமாறினால் அளவீடு நடக்காது; தொடக்க எண்ணே கைக்கு வரும்.

வெயிலில் தகரம் கொதிக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நிஜச் சூடு படிப்படியாக ஏறி இறங்கும். 34-லிருந்து ஒரே தாவலில் 85-க்குப் போய்த் திரும்பாது. 85 வந்தால் தள்ளிவிடும்படி நிரல் எழுதினால் போதாதா? போதாது, நோய் அப்படியே இருக்கும். மூன்று கம்பிகளும் உறுதியாக இணைந்துள்ளனவா, தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை உள்ளதா என்று பாருங்கள்.

தகரக் கூரையின் கீழ் மக்கள் படும் வெக்கை ஊருக்குத் தெரியவேண்டிய செய்தி. பொய்யான ஓர் 85 கலந்தால், மெய்யான 40-ஐயும் எவரும் நம்பமாட்டார்கள்.