அம்பாசிடர் புணரியல்

தமிழில் காருக்கு இலக்கண நூல் கிடையாது. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் தரும் கையேட்டை இலக்கணத்தில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. பழைய அம்பாசிடர் ஒன்றின் உள்ளே காணாமல் போன சாமான்களை மறுபடி மாட்ட முயன்ற பதினோரு மாதங்களில் இந்தக் குறை என்னை வெகுவாக உறுத்தியது. கதவு நிலைமொழி. அதில் வந்து சேரவேண்டிய டோர் பேட், கைப்பிடி, நாப், பீடிங் எல்லாம் வருமொழி. இரண்டும் சேருமிடத்தில் என்னென்ன நடக்கும் என்று நன்னூலில் பவணந்தியார் சொல்லிவிட்டார். அவர் காலத்தில் கார் இல்லாததால் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1984இல் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் பிறந்த மார்க் ஃபோர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்ததால், எந்த அம்பாசிடர் சாமானும் எந்த அம்பாசிடருக்கும் சேரும் என்பது மக்கள் கொள்கை. அது பிழை. கூடுதான் மாறாமல் நின்றது. உள்ளே டேஷ்போர்டும் கைப்பிடியும் மாறிக்கொண்டே வந்தன. அம்பாசிடர் செய்த கம்பெனிக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு தொழிற்சாலை இருந்ததே, அங்கே கேட்டால் என்ன என்று நண்பர்கள் ஆற்றுப்படுத்தினார்கள். அங்கே செய்தது மிட்சுபிஷி லான்சர்.

புணர்ச்சி இருவகை: இயல்பு, விகாரம். எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டும் சேர்வது இயல்பு புணர்ச்சி. அது ஷோரூமில் நிகழ்ந்திருக்கலாம். யாம் கண்டிலம்.

விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. கெடுதலை முதலில் சொல்வது மரபன்று. ஆனால் கதவு அங்கேதான் தொடங்குகிறது. ஜன்னல் கண்ணாடி ஓரத்து பீடிங் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கும். இறங்கினால் குற்றமில்லை, வெளியேறக் கதவின் அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்திருக்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கவேண்டும். முதன்முதலில் கதவைப் பிரித்த மெக்கானிக் அதைக் கிழித்து எறிந்திருப்பார். பேட் என்பது ரெக்சின் போர்த்திய ஹார்டுபோர்டு. நனைந்தால் அப்பளம்போல் உப்பும். கிளிப் மாட்டும் ஓட்டை பெரிதாகும், கிளிப் கழலும், பேட் தொங்கும், கடைசியில் ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்த மாமா அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குவார். புதிதாகப் பேட் செய்பவர்கள் ரெக்சின் ஒட்டும் முன் ஹார்டுபோர்டின் இரு பக்கமும் வார்னிஷ் அடித்துக் காயவிடுதல் வேண்டும். அளவுக்குப் பழைய பேட் இல்லையென்றால் எதிர்க் கதவின் பேடை வைத்து வெட்டலாம். வெட்டியபின் புரட்டிப்போட்டு ரெக்சின் ஒட்டவேண்டும் என்பது சிறப்பு விதி. இவ்விதியை யாம் பிறகு அறிந்தோம். எம்மிடம் இப்போது வலப்பக்கப் பேட்கள் இரண்டு உள.

திரிதலுக்கு உரிய நிலம், சென்னையில் பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டை.

"எந்த மாடல் சார்?"

"மார்க் ஃபோர். கண்ணாடி ஏத்துற கைப்பிடி."

கடைக்காரர் ஒரு சாக்கைத் தரையில் கவிழ்த்தார். நாற்பது ஆண்டுக் கைப்பிடிகள் சலசலத்தன. ஒன்றை எடுத்து லுங்கியில் துடைத்து நீட்டினார். "இந்தாங்க, உக்காரும்."

"இது பத்மினி காரோடது மாதிரி இருக்கே?"

"உக்கார வெச்சா உக்காரும் சார்."

முதல் வாக்கியம் தன்வினை, இரண்டாவது பிறவினை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வியாபாரம் பல தலைமுறையாக நடந்துவருகிறது. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் அரம் போட்டேன். உட்கார்ந்தது. இப்போது கைப்பிடி சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை.

கைப்பிடி உட்காரும் இடத்தை நெருங்கிப் பார்த்தால்தான் காரணம் விளங்கும். அதன் பின்னால் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு வட்டத்தட்டு. இரண்டு விரலால் அதை உள்ளே அழுத்திப் பிடித்தால் குறுக்கே செருகிய சிறு பின் தெரியும், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் கனம். கைப்பிடியையும் தண்டையும் இணைப்பது அது ஒன்றுதான். அதைத் தட்டி எடுக்கும்போது 'டிங்' என்று கதவுக்குள் விழும். என் வண்டியில் முந்தைய உடைமையாளர் அங்கே பாதி ஆணி செருகியிருந்தார், அவருக்கு முந்தையவர் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. இரண்டையும் கதவின் அடியில் கண்டெடுத்தேன். அகழாய்வில் இதை மண்ணடுக்கு என்பார்கள்.

தோன்றலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்கதவுப் பேடில் யாரோ ஒருவர் ஸ்பீக்கருக்காக வெட்டிய வட்டத் துளை. ஸ்பீக்கர் போய்விட்டது, துளை இருக்கிறது.

எஞ்சியது உடம்படுமெய். இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமல் இடையில் வந்து சமாதானம் செய்யும் மெய் அது. எழுத்தில் யகரமும் வகரமும். கதவில் வாஷரும் சைக்கிள் டியூப் துண்டும். எங்கே எது வரும் என்று குஷன் கடை பாயிடம் கேட்டேன்.

"ஆட்டம் இருந்தா டியூப் தம்பி. கடகடன்னா வாஷர்."

"ரெண்டும் இருந்தா?"

"ரெண்டையும் போடு."

ஏகாரத்தின் பின் இரண்டும் வரும் என்ற விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. எதையும் சேர்க்காமல், அரம் போடாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே வண்டி இருக்கவேண்டும் என்று வாதிடும் தூய்மைவாதிகள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் வண்டிகளைக் கண்காட்சியில் பார்த்திருக்கிறேன், மழையில் பார்த்ததில்லை. என் கட்சி பாயின் கட்சி.

நிற்க. என் வண்டியின் நான்கு கதவுகளுக்கு இப்போது வேலை செய்யும் கைப்பிடி ஒன்றுதான். அது டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. காற்று வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிச் சுற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். வாசகர்கள் யாரிடமாவது மார்க் ஃபோர் கைப்பிடி மூன்று இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும். பின்னோடு இருந்தால் நல்லது.