‘-கேட்’ விகுதி: ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஆங்கில விகுதிகளுக்குக் கிரேக்கம், லத்தீன், பழைய ஆங்கிலம் என்று குலம் கோத்திரம் உண்டு. ‘-கேட்’ மட்டும் ஒரு கட்டடத்தில் பிறந்தது. வாஷிங்டனில் பொடோமாக் நதிக்கரையில் இருக்கும் வாட்டர்கேட் அதன் தாய்வீடு.

1972 ஜூன் 17 அதிகாலை. காவலாளி ஃபிராங்க் வில்ஸ், பூட்டின் நாக்கு உள்ளே விழாதபடி கதவில் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தால் மறுபடியும் டேப். போலீசைக் கூப்பிட்டார், ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். அந்த விவகாரம் அதிபர் வரை எட்டி, 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். வரலாற்றாசிரியர்களுக்கு இது போதும். இலக்கணப் புலவர்களுக்கோ, வாட்டர் வடிந்து கேட் மட்டும் நின்றதே முக்கியம்.

1973-லேயே ‘நேஷனல் லாம்பூன்’ என்ற நகைச்சுவை இதழ் ரஷ்யாவுக்கு ஒரு ‘வோல்காகேட்’டைக் கற்பித்தது. நிக்சனுக்கு உரை எழுதிக் கொடுத்த வில்லியம் சஃபயர், பிறகு நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளராகி, அகப்பட்ட ஊழலுக்கெல்லாம் இந்த விகுதியை ஒட்டினார். வீட்டுக்கு வீடு கேட் வைத்துவிட்டால் பழைய முதலாளி வீட்டுக் கேட் தனியாகத் தெரியாது என்று கணக்குப் போட்டாரோ என்ற சந்தேகமும் எழுந்ததுண்டு.

இனி விதிகள்.

முதல் விதி: பகுதி எதுவாகவும் இருக்கலாம். 1986-ல் அமெரிக்காவின் ரகசிய ஆயுத பேரம் அம்பலமானதும் நாட்டின் பெயரே பகுதியாகி ‘ஈரான்கேட்’ வந்தது.

இரண்டாம் விதி: பகுதி சிறுக்கச் சிறுக்க விகுதி இறுகும். 2015-ல் அமெரிக்கக் கால்பந்தில் பந்துக்குக் காற்று குறைந்தது, ‘டிஃப்ளேட்கேட்’. 2018 கேப்டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் பந்தைத் தேய்த்த உப்புத்தாள் துண்டைக் கால்சட்டைக்குள் செருகியதை கேமரா பார்த்துவிட்டது, ‘சாண்ட்பேப்பர்கேட்’. கேப்டன் ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஓராண்டுத் தடை.

மூன்றாம் விதி: ஒலி ஒத்தால் பொருள் மயங்கும். 2012-ல் இந்திய நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு விவகாரம் ‘கோல்கேட்’ ஆனது. தமிழில் எழுதினால் பற்பசைக்கும் அதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம்கூட இல்லை.

புறனடை ஒன்று உண்டு. 2012 செப்டம்பரில், லண்டன் டவுனிங் தெருவில் ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல், பெரிய கேட் வழியாகத்தான் சைக்கிளில் போவேன் என்றார். போலீசார் நடந்து போகும் சின்ன கேட்டைக் காட்டினார்கள். வாய்த்தகராறு முற்றி, போலீசாரை ‘ப்ளெப்’ (பாமரர்) என்று அவர் இகழ்ந்ததாகப் புகார் எழ, ‘ப்ளெப்கேட்’ பிறந்தது. நிஜமான கேட் சம்பந்தப்பட்டிருந்ததால் ‘கேட்கேட்’ என்றும் அழைத்தார்கள். இது அடுக்குத்தொடரா, இரட்டைக்கிளவியா? பிரித்தாலும் பொருள் தருவதால் அடுக்குத்தொடர் என்பதே இக்கட்டுரையின் துணிபு: முதல் கேட்டில் சைக்கிள் நின்றது, இரண்டாவது கேட்டில், அக்டோபர் மாதம், கொறடா பதவி போனது.