தலை தெரியாத தீவு

கோவளத்துல ஸ்கூபா முங்க வாறியாமே மக்கா? நல்ல காரியம். காசு கையில நின்னா ஒனக்கு ஒறக்கம் வராதுன்னு ஒங்க அம்மா சொல்லுவா. ஆனா, "பாட்டா, போட்டு எந்தத் தீவுக்குப் போவும்?"னு கேட்டே பாரு, அதுக்குத்தான் போன வச்சுட்டு சிரிச்சேன். திருவனந்தபுரம் கடலுக்கு நேர தீவு ஏதுடே? லட்சத்தீவுல 36 தீவு உண்டு, ஆளு குடியிருக்கது 10-ல. போவ பெர்மிட் வாங்கணும். மன்னார் வளைகுடாவுல 21 தீவ 1986-ல தேசியப் பூங்காவாக்கிப்போட்டாவ. பவளப்பாறைய வெட்டி வித்த புண்ணியத்துல அதுல ரெண்டு கடலுக்குள்ள போயாச்சு. மிச்சத்துல நெனச்ச எடத்துல எறங்க ஒன்ன விடமாட்டான்.

நமக்கு உள்ளது தலை தெரியாத தீவு. பார்னு சொல்லுவோம். கடலுக்கு அடியில பாறை நிமிந்து நிக்கும், அத அண்டி மீன் கூடும். மேல இருந்து பாத்தா வெறும் தண்ணிதான். கண்டுபிடிக்க என்ன வழிங்கியா? கரையில நிக்குத விளக்குமாடத்தையும் அதுக்குப் பொறத்த தெரியுத மலையையும் ஒரே கோட்டுல பிடிக்கணும். பொறவு கழுத்தத் திருப்பி, பள்ளிக் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால உள்ள இன்னொரு மலையையும் பிடிக்கணும். ரெண்டு கோடும் வெட்டுத எடத்துல கல்லப் போட்டு நிறுத்து, கீழ பார் கெடக்கும். கணிச்சம்னு பேரு. விழிஞ்சம் விளக்குமாடத்த 1972-ல கப்பல்காரனுக்கு ராத்திரி வெளிச்சம் காட்டத்தான் தொறந்தாவ. நாங்க பகல்லயும் அத வேலை வாங்கினோம். இப்ப துறைமுகத்துக் கிரேன் குறுக்க நிக்கு. 2025 மே 2-ஆம் தேதி பிரதமரே வந்து துறைமுகத்தத் தொறந்து வச்சாரு. மரியாதைக்கு கிரேனையும் ஒரு கணிச்சமா வச்சுக்கிட்டோம்.

நம்ம கடக்கரை ஆளு ராபர்ட் பனிப்பிள்ளை, 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்'னு கூட்டம் சேத்து, கெழவனுவகிட்ட கணிச்சம் கேட்டு, முங்கிப் பாரையெல்லாம் படம் பிடிச்சாரு. கெழவன்கிட்ட கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நீ கூகுள்கிட்ட கேட்டுக்கோ.

சரி, முங்குத காரியத்துக்கு வருவோம். 10 மீட்டர் எறங்கினா அழுத்தம் ரெண்டு மடங்கு. காது குத்தும், மூக்கப் பிடிச்சு மெதுவா ஊது. மேல வரும்போ மூச்ச அடக்கப்பிடாது, நெஞ்சுக்குள்ள காத்து விரிஞ்சு சவ்வக் கிழிச்சுப்போடும். ஒண்ணையும் அடக்கிப் பழக்கமில்லாத ஒனக்கு அது லேசு.

அங்க பாறைக்கிட்ட சிப்பிக்காரன் ஒருத்தன் முங்குவான், பாத்து வை. சிலிண்டரும் கெடையாது, டைவ் மாஸ்டரும் கெடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்புல வலைப்பை, கையில ஒரு இரும்பு. அலை வலிக்குத நேரம் பாத்துத் தலைகுத்த எறங்குவான். சிப்பி நாரு விட்டுப் பாறைய இறுக்கிப் பிடிச்சிருக்கும். குத்திக் கெளப்பி, பையில இட்டு, மேல வந்து விசிலடிச்ச மாதிரி ஒரு மூச்சு விடுவான். வெரலெல்லாம் கீறல். நீயும் வெரலக் காட்டத்தான் போற, ரெண்டே ரெண்டு வெரல, போட்டோவுக்கு.

கீழ போனா எல்லாத்தையும் தொடணும் கேட்டியா, காசு குடுத்திருக்கேல்லா. வரிவரியா செறகு விரிச்சுக்கிட்டு லயன் மீன் நிக்கும், அத மொதல்ல தொடு. முள்ளுல விஷம் உண்டு. கோவளம் பாத்தது போதாதுன்னு ஆஸ்பத்திரியும் பாத்துட்டு வரலாம். பவளமும் கடல்குதிரையும் கெடச்சா பையில போட்டுக்கோ. 2001-லயே வனவிலங்குச் சட்டத்துல சேத்தாச்சு, பொறவு சாப்பாட்டுச் செலவு சர்க்காருக்கு. திமிங்கலச் சுறாவும் அதே வருசம் புலிக்குச் சமமா ஏறிட்டு. அது நம்ம கரமடி வலையில வந்து மாட்டும்போ, பயலுவ கிழிஞ்ச வலையப் பாக்காம அவுத்து விட்டிருக்கானுவ. அவனுவளுக்கு செல்ஃபி எடுக்க நேரம் கெடைக்கல்ல, பாவம்.

வெள்ளையா குருணை மெதந்தா மீன் முட்டைன்னு படம் போடாதே. 2025 மே 25-ல எம்எஸ்சி எல்சா 3-னு ஒரு கப்பல் விழிஞ்சத்துலேருந்து கொச்சிக்குப் போற வழியில, 600-க்கு மேல பெட்டியோட முங்கிச்சு. அதுல இருந்த பிளாஸ்டிக் குருணை நம்ம கரை வரைக்கும் வந்து அடிஞ்சுது. முட்டைன்னு நெனச்சு மீனும் திங்கும். மீனுக்குப் படிப்பு இல்ல, மன்னிச்சிருவோம்.

ஜூன், ஜூலையில வராதே. கடல் கலங்கி, ஒன் கையே ஒனக்குத் தெரியாது. நவம்பர் கழிஞ்சு வா.

இன்னொண்ணு. முங்கின கையோட பிளேன் ஏறப்பிடாது. ஒரு முங்கலுக்கு 12 மணி நேரம், அதுக்கு மேல முங்கினா 18 மணி நேரமாவது தரையில கெடக்கணும். இல்லன்னா ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் மேல போவும்போ குமிழி கட்டும். ஏர்போர்ட்டு வலியதுறைக்கிட்டதான இருக்குன்னு நைசா நழுவாதே. அந்த நேரம் முழுக்க நம்ம வீட்டுலயே இரு. கிழிஞ்ச வலை ஒரு கட்டு ஒனக்குன்னே வச்சிருக்கேன், பொத்தித் தந்துட்டுப் போ.