ஜேசன் வீட்டுக் கல்யாண ஆல்பம்

கவுச்டிபி என்ற ஆவணத் தரவுத்தளத்துக்கு ஜேசன் எழுத்துதானே இறங்கும்? கல்யாண போட்டோவை எப்படி ஊட்டுவது?

பைட்டுகளுக்கு பேஸ்64 என்ற எழுத்து வேஷம் கட்டி அனுப்பலாம். ஆனால் 3 பைட், 4 எழுத்தாகும். மாப்பிள்ளைக்கு முன்பே ஃபைலுக்குத் தொப்பை விழும்! வேஷமே வேண்டாமா? இணைப்புக்கென்று (அட்டாச்மென்ட்) உள்ள தனி முகவரிக்கு, 'புட்' கோரிக்கையில் பைட்டுகளை அப்படியே அனுப்புங்கள்.

ஆவணத்தில் மணப்பெண் பெயரை மட்டும்தான் திருத்தினேன். போட்டோவைக் காணோமே?

திருப்பி அனுப்பும்போது '_அட்டாச்மென்ட்ஸ்' பகுதியை விட்டுவிட்டீர்களா? அப்படியென்றால், "போட்டோ வேண்டாம்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். படத்தை மறுபடி ஏற்றத் தேவையில்லை. 'ஸ்டப்: ட்ரூ' என்ற குறிப்போடு அந்தப் பகுதியையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

இன்னொரு ஆவணத் தரவுத்தளமான மாங்கோடிபியில் முழுக் கல்யாண வீடியோவையும் ஒரே ஆவணத்தில் போடலாமா?

ஓர் ஆவணத்துக்கு உச்சவரம்பு 16 எம்பி. மாப்பிள்ளை அழைப்பே முடியாதே! அதன் கோப்புக் கிடங்கான கிரிட்எஃப்எஸ்ஸிடம் கொடுத்தால் 255 கேபி துண்டுகளாக நறுக்கி வைக்கும்.

வீடியோவை வெளியே தனிச் சேமிப்பகத்தில் வைத்து, முகவரியை மட்டும் ஆவணத்தில் எழுதுவோரும் உண்டு. அங்கே ஓர் எச்சரிக்கை: ஆவணத்தை அழித்தால் வீடியோ தானாக அழியாது.

அப்போ, அழிப்பது யார் பொறுப்பு?

விருந்து வைத்தவரே இலையும் எடுக்க வேண்டும்: வீடியோவை அங்கே வைத்த நீங்கள்தான்!